எல்லாருக்கும் சரிதானே?

“ஏன் ரீச்சர் என்னைச் சேர்க்கேல்லை?”

கேட்டவள் தவமலர். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவள். காலில் புது ஸ்கீச் சப்பாத்து. முதுகில் புதுப் பை. பைக்குள் எல்லாருக்குமாகச் சுட்டெடுத்த உழுந்து வடை.

பதில் சொல்ல வேண்டியவள் நிரோஷி. மலைவழிகாட்டி. தவமலரைவிட வயதில் நன்றாக இளையவள். சுவிஸில் பிறந்து, நடக்கப் பழகிய சூட்டோடு சறுக்கப் பழகியவள்.

“நான் ரீச்சர் இல்லை அக்கா. நிரோஷி எண்டு கூப்பிடுங்கோ.”

“ஓம் ரீச்சர்.”

நிரோஷி பெருமூச்சு விட்டாள்.

சனிக்கிழமைகளில் அவள் மூன்று நான்கு தமிழரைக் கூட்டிக்கொண்டு பனிமலை ஏறுவாள். கம்பிவட வண்டி போகாத மலைகள். காவலுக்கு ஆள் நிற்காத மலைகள். ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத தோல்பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு, சொந்தக் காலில் ஏறுவார்கள். உச்சியில் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சறுக்கிக்கொண்டு இறங்குவார்கள். நடுவில் பனி சரிந்தால் புதைந்துபோவார்கள். மற்றவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

அதற்காக ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பீப்பர் என்பார்கள். புதைந்தவரின் பெட்டி பனிக்குள்ளிருந்து கூப்பிடும். மேலே நிற்பவர்களின் பெட்டிக்கு அது கேட்கும்.

புறப்படுமுன் எல்லாரும் நிரோஷியைக் கடந்து ஒவ்வொருவராக நடக்க வேண்டும். அவள் கையிலுள்ள பெட்டி ஒவ்வொருவருக்கும் கூவும். அன்று கூட வந்திருந்த சுகிர்தனுக்குக் கூவியது. டிலானிக்குக் கூவியது.

தவமலருக்குக் கூவவில்லை.

“பற்றரி பாத்தனீங்களோ எண்டு கேட்டன்,” என்றாள் நிரோஷி. “என்ன சொன்னீங்கள்?”

“ஓம் எண்டனான்.”

“பாத்தனீங்களோ?”

தவமலர் தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

“இல்லை ரீச்சர்.”

“அப்ப ஏன் ஓம்?”

“நீங்கள் கேட்டீங்கள்.”

நிரோஷி கையிலிருந்த பெட்டியைத் தன் நெஞ்சில் மாட்டினாள். பிறகு, “வீட்டை போங்கோ அக்கா,” என்றாள்.

எங்கள் ஆட்களுக்கு இந்த ஓம் ஒரு வியாதி. குடல் கருகப் பசித்தாலும், சாப்பிட்டாச்சோ என்று கேட்டால் ஓம், இப்பதான். ஒன்றும் விளங்காவிட்டாலும் ஓம், விளங்குது. மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கோ என்றாலும் ஓம். தவமலர் அப்படித்தான் கலியாணம் கட்டினாள், அப்படித்தான் விமானம் ஏறினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை என்றார்கள். அதற்கும் ஓம்தான்.

சலவைக்கூடத்துக்கு ஒரே ஒரு யன்னல். யன்னல் நிறைய ஒரு மலை.

படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே அவள் அந்த மலையை வருஷக்கணக்காகப் பார்த்தாள். ஒருநாள் அதன் உச்சியில் நின்று இந்த யன்னலைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தன் வாழ்க்கையில் அவளாகவே கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

இரண்டு குளிர்காலம், மழலைப் பிள்ளைகளுக்கான மேட்டில், மழலைப் பிள்ளைகளோடு விழுந்து விழுந்து சறுக்கப் பழகினாள். முழங்கால் எல்லாம் நீலம் பாரித்தது. கோயிலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேரப்பிள்ளை பார்க்கிற வயதில் இவவுக்கு என்ன கூத்து என்றார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது, மலையடிவாரத்தில், தன்னில் பாதி வயதுப் பெண் ஒருத்தி போ என்றதும் மூக்குடைபட்டு வீட்டுக்குப் போனாள்.

வடையை மட்டும் டிலானியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, எல்லாருக்கும் முதல் வந்து நின்றாள்.

“பற்றரி?”

“பாத்தனான். புதுசு போட்டிருக்கு.”

பெட்டி கூவியது.

“சவள்?”

பனி தோண்டுகிற மடக்குச் சவளை எடுத்துக் காட்டினாள்.

“கம்பி?”

புதைந்தவரைக் குத்தித் தேடுகிற நீளக் கம்பியை ஒரே உதறலில் நீட்டிக் காட்டினாள். வீட்டு விறாந்தையில் கிழமை முழுக்கப் பழகியது. சுகிர்தன் விசில் அடித்தான்.

“நல்லது,” என்றாள் நிரோஷி. “எங்கை போறீங்கள் எண்டு வீட்டிலை ஆருக்குச் சொன்னனீங்கள்?”

“ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“ஏன்?”

“வெளிக்கிடேக்குள்ளை எங்கை போறியள் எண்டு கேக்கக்கூடாது ரீச்சர். போற காரியம் சரிவராது. அவரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.”

“அவர் என்ன நினைச்சுக்கொண்டிருப்பார்?”

“கோயிலுக்கு எண்டு.”

“ஸ்கீயோடையோ?”

“ஸ்கீயை நேற்றே காருக்குள்ளை வைச்சிட்டன்.”

சுகிர்தன் சிரித்தான். நிரோஷி சிரிக்கவில்லை.

“பின்னேரம் நீங்கள் வந்து சேரேல்லை எண்டால் அவர் உங்களை எங்கை தேடுவார்?”

“கோயிலிலை.”

சொன்ன பிறகுதான் அது தவமலரின் காதிலேயே விழுந்தது.

“சரி. நீங்கள் பனிக்குள்ளை புதைஞ்சால்…”

“சிவ சிவா! வெளிக்கிடுற நேரத்திலை என்ன கதை ரீச்சர் இது!”

நிரோஷி தவமலரின் ஸ்கீ இரண்டையும் தூக்கினாள். கொண்டுபோய்த் தவமலரின் காருக்குள் வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

தவமலருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காரை ஓட்டிக்கொண்டே வாய்விட்டுத் திட்டினாள். நேற்றுப் பிறந்ததுகள். ஊர் தெரியுமா, வழக்கம் தெரியுமா. வீடு வந்து சேரும்வரை திட்டினாள். திட்டி முடிந்ததும், புருஷன் கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவராக விசாரிக்கிற காட்சி கண்ணுக்குள் வந்தது. இங்கை வரேல்லையே அண்ணை என்று ஐயர் சொல்கிறார். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது.

காரை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போனாள்.

புருஷன் பாலேந்திரா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோயில் கெதியா முடிஞ்சுதோ?”

“நான் கோயிலுக்குப் போகேல்லை. மலைக்குப் போனனான். வாற சனியும் போவன்.”

“என்ன மலை?”

“என்ரை வேலையிடத்து யன்னலுக்குள்ளாலை தெரியிற மலை. எந்தப் பக்கத்தாலை ஏறுவம் எண்டு கீறித் தாறன். பின்னேரம் நான் போன் எடுக்கேல்லை எண்டால் இந்த நம்பருக்கு அடிச்சு, ஆள் வரேல்லை எண்டு சொல்லுங்கோ. மீட்க ஹெலிகொப்டர் வரும்.”

பாலேந்திரா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

“ஹெலியோ? உனக்கென்ன விசரே?”

“ஓம்.”

யோசித்து, விரும்பி, முழு மனதோடு அவள் சொன்ன முதல் ஓம் இதுவாகத்தான் இருக்கும்.

“சனம் என்ன சொல்லும் மலர்?”

“நான் புதைஞ்சால் சனமே வந்து தோண்டப் போகுது?”

அவர் மேசையிலிருந்து பேனையை எடுத்து நீட்டினார். “அந்த நம்பரைப் பெரிசா எழுதிவை,” என்றார்.

மூன்றாவது சனிக்கிழமை நிரோஷி எல்லாவற்றையும் கேட்டாள். தவமலர் எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னாள். முழங்கால் நோகுது என்பதையும் சொன்னாள். செங்குத்தில் திரும்பப் பயம் என்பதையும் சொன்னாள்.

“இண்டைக்கு வாங்கோ,” என்றாள் நிரோஷி. “தொடர்ந்து கூட்டிக்கொண்டு போறனோ இல்லையோ எண்டு பின்னேரம் சொல்லுறன்.”

“உச்சி வரைக்குமோ ரீச்சர்?”

“பாப்பம்.”

தவமலரின் மலைதான் அது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

ஏறினார்கள்.

கொஞ்சத் தூரத்தில் ஒரு பாறைமுகட்டுக்குக் கீழே தவமலர் நின்று பையைத் திறந்தாள்.

“ரீச்சர், சூடு ஆறமுதல் ஆளுக்கொரு வடை…”

நிரோஷி திரும்பிப் பார்த்தாள். ஸ்கீத் தடியை உயர்த்தி மேலே காட்டினாள். முகட்டின் விளிம்பில் பனி ஒரு பெரிய கூரையாக நீட்டிக்கொண்டு தொங்கியது, சரியாகத் தவமலரின் தலைக்கு மேலே.

தவமலர் பையை மூடினாள். வாயையும் மூடிக்கொண்டு விறுவிறென்று நடந்தாள்.

முன்னால் போகிறவருக்குத்தான் பாடு அதிகம். புதுப் பனியை மிதித்துத் தடம் போட வேண்டும். ஆகவே முறை வைத்து மாறுவார்கள். சுகிர்தன் போட்டான். டிலானி போட்டாள்.

“இனி நான் போடட்டோ?” என்று கேட்டாள் தவமலர்.

“முழங்கால் நோகுது எண்டீங்கள்.”

“ஓம். அப்ப கடைசியிலை வாறன். பரவாயில்லை ரீச்சர். எனக்குக் கடைசி பழக்கம்.”

நிரோஷி நின்றாள்.

“கடைசியிலை வாற ஆளுக்கு என்ன வேலை தெரியுமோ?”

“பின்னாலை வாறது.”

“இல்லை.”

“பின்னை?”

நிரோஷி பதில் சொல்லாமல் முன்னுக்குப் போய்விட்டாள். தவமலருக்கு எரிச்சலாக இருந்தது. கேள்வியைக் கேட்டால் பதிலைச் சொல்லிவிட்டுப் போனால் என்ன? இந்த மலைக்காரர்களுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா?

வெயில் ஏறியது. முந்திய நாள் இரவு அடித்த காற்று பனியைக் கண்டபடி வாரிக் கொட்டியிருந்தது. சுகிர்தனும் நிரோஷியும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு முன்னால் போனார்கள். சுகிர்தன் பஸ் ஓட்டுகிறவன். ஆறு நாளும் ஓட்டுநரோடு பேசக் கூடாது என்கிற எழுத்துப் பலகைக்குக் கீழே இருந்துவிட்டு, ஏழாம் நாள் எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பான். அவனுக்குப் பின்னால் டிலானி. சற்று இடைவெளி விட்டுத் தவமலர்.

அப்போதுதான் அது நடந்தது.

அவளுடைய காலடியில் பனி ஒருமுறை கீழே பதிந்தது. கொஞ்சம்தான், ஒரு விரற்கடை. ‘வும்’ என்று ஒரு சத்தம் வந்தது, மலையின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது போல. ஸ்கீயின் நுனியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று பனியில் கீறிக்கொண்டு ஓடியது.

தவமலர் நின்றாள்.

முன்னால் மூன்று பேரும் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ரீச்சருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். ரீச்சர் அல்லவா. இது என்ன, ரீச்சர் பார்க்காத பனியா. கூப்பிட்டுச் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பா. பின்னேரம் வேண்டாம் என்று சொல்லிவிடுவா.

வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

சமதரை ஒன்றில் எல்லாரும் நின்றார்கள். அதற்கு அப்பால் ஒரு சரிவு. சரிவைக் குறுக்கே கடந்தால் ஒரு பெரிய கல். கல்லுக்கு மேலே உச்சி. உச்சி அவ்வளவு கிட்ட இருந்தது. அங்கே நட்டிருந்த சிலுவையின் ஆணிகூடத் தெரிகிற மாதிரி இருந்தது.

சரிவு வழவழவென்று கிடந்தது. இஸ்திரி போட்டு விரித்த புது விரிப்புப் போல. ஒரு சுருக்கம் இல்லை.

தவமலர் விரிப்புகளை அறிந்தவள். அவளுக்கு அந்த வழவழப்புப் பிடிக்கவில்லை.

“ஒவ்வொருவராய்க் கடப்பம்,” என்றாள் நிரோஷி. “முதல் நான் போறன். கல்லடியிலை நிண்டு கை காட்டினாப் பிறகு அடுத்த ஆள் வாங்கோ. எல்லாருக்கும் சரிதானே?”

“ஓம்,” என்றான் சுகிர்தன்.

“ஓம்,” என்றாள் டிலானி.

தவமலரின் வாய் தானாகத் திறந்தது. ஓம் வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

“இல்லை,” என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“என்ன இல்லை?”

“எனக்குச் சரியில்லை.”

“களைப்போ அக்கா?” என்று கேட்டாள் டிலானி.

“களைப்பில்லை. கீழை நான் வரேக்குள்ளை பனி பதிஞ்சது. வும் எண்டு சத்தம் கேட்டது. கோடு ஒண்டு ஓடினது.”

நிரோஷியின் முகம் மாறியது. பனி சரியப் போவதற்கு அது அடையாளம்.

“எப்ப?”

“அந்த வளைவிலை.”

“ஏன் அப்பவே சொல்லேல்லை? கடைசி ஆளுக்கு அதுதான் வேலை.”

“நீங்கள் ரீச்சர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்.”

நிரோஷி கீழே பார்த்தாள். பிறகு சரிவைப் பார்த்தாள். பிறகு உச்சியைப் பார்த்தாள். உச்சியைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

“அந்த வளைவு வேறை பக்கம் பாத்த இடம்,” என்றாள். “இது வேறை. இதிலை நான் எத்தினையோ தரம் போயிருக்கிறன்.”

“போயிருப்பீங்கள்.”

“ஒண்டும் நடக்கேல்லை.”

“நடந்திருந்தால் நீங்கள் வந்து சொல்லியிருக்க மாட்டீங்கள்.”

சுகிர்தனுக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, உங்கை பாருங்கோ, உச்சி கிட்ட நிக்குது. இந்த மாதிரி வெய்யில் இனி எப்ப வருமோ. நீங்கள் வேணுமெண்டால் இதிலை இருங்கோ, நாங்கள் போட்டு வாறம்.”

“நீங்கள் புதைஞ்சால் நான் ஒருத்தி மூண்டு பேரையும் தோண்டுறதோ?”

வெளிக்கிடுகிற நேரத்தில் சொல்லக் கூடாத பேச்சு அது. தவமலர் கூசாமல் சொன்னாள்.

“நான் சுறுக்காக் கடந்திடுவன் அக்கா,” என்றாள் நிரோஷி. இடது ஸ்கீயை முன்னுக்குத் தள்ளினாள்.

தவமலர் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். சமதரை முடிகிற இடத்தில், தடத்துக்குக் குறுக்கே ஸ்கீயைப் போட்டாள். பிறகு குந்திவிட்டாள். பனியிலேயே. பை முதுகில் இருக்க, தடி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, மறியல் செய்கிறவள் மாதிரி.

“எழும்புங்கோ அக்கா.”

“ஏலாது.”

“பகிடி விடாதேங்கோ.”

“ஆர் பகிடி விட்டது?”

“உங்களுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்?” நிரோஷியின் குரல் உயர்ந்தது. “போன மாசம்தான் மேட்டிலை விழாமல் வரப் பழகினீங்கள். நான் பிறந்ததே இதுக்குள்ளை.”

அது சுட்டது. தவமலரின் முகம் கறுத்தது. ஆனாலும் எழும்பவில்லை.

“எனக்கு ஒண்டும் தெரியாது. என்ரை காலுக்குக் கீழை பனி பதிஞ்சது மட்டும் தெரியும்.”

“ரீச்சர் கோவிக்கப் போறா அக்கா,” என்றான் சுகிர்தன். “பேந்து உங்களைச் சேர்க்க மாட்டா.”

“சேர்க்க வேண்டாம்!”

கத்தியேவிட்டாள். கத்திய பிறகு உச்சியைப் பார்த்தாள். அங்கே நின்றால் சலவைக்கூடத்து யன்னல் தெரியும். இருபது வருஷமாகக் கேட்ட ஒரே ஒரு பொருள், கைக்கெட்டிய தூரத்தில், வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. அதைத் தன் கையாலேயே தள்ளிவிடுகிறாள். அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. நிரோஷி மேல் இன்னும் கோபம் வந்தது.

“என்னைச் சேர்க்க வேண்டாம். இனி நான் வரவும் வேண்டாம். நான் உந்த உச்சியிலை நிக்காமலே செத்தாலும் பரவாயில்லை. ஆனால் நீ இதிலை போகேலாது. போறதெண்டால் எனக்கு மேலாலை மிதிச்சுக்கொண்டு போ.”

அவள் நீ என்றதை எல்லாரும் கேட்டார்கள்.

“கேக்குதோ பிள்ளை?” என்றாள் தவமலர். “மிதிச்சுக்கொண்டு போ.”

காற்று இல்லை. சுகிர்தன் தன் தடியைப் பனியில் ஊன்றினான்.

நிரோஷி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, ஸ்கீயைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த தோல்பட்டையின் நுனியைப் பிடித்தாள்.

சர்ரென்று உரித்தாள்.

இறங்கினார்கள். வந்த வழியில் அந்த வளைவைத் தவிர்த்து, மரங்களுக்குள்ளால், ஒவ்வொருவராக, ஒருவர் நின்ற பிறகு மற்றவர் என்று இறங்கினார்கள். தவமலர் இரண்டு தரம் விழுந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் ஸ்கீயைக் கட்டும்போது சுகிர்தன் கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தான்.

“உங்கை பாருங்கோ.”

சரிவின் ஓரத்தில் இரண்டு புள்ளிகள். யாரோ இரண்டு பேர். அதே சமதரை.

முதலாவது புள்ளி சரிவைக் கடந்தது. கல்லடியில் நின்றது. இரண்டாவது புள்ளி கடந்தது.

நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு புள்ளியும் உச்சிக்கு ஏறின. கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அந்த வழவழப்பான சரிவிலேயே, பாம்பு ஊர்ந்த மாதிரி இரண்டு அழகான கோடுகளைக் கீறிக்கொண்டு சறுக்கி வந்தன. அவர்கள் சந்தோஷத்தில் கூவிய சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

“பனி சரியேல்லையே அக்கா,” என்றான் சுகிர்தன். குரலில் கோபம் இல்லை, கவலைதான். அதுதான் தவமலருக்கு இன்னும் மோசமாக இருந்தது. அவனும் டிலானியும் தங்கள் காருக்குப் போய்விட்டார்கள்.

நிரோஷி தன் காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடி திறக்கவில்லை.

தவமலர் போத்தலை வாங்கித் திறந்தாள். ஊற்றிக் கொடுத்தாள்.

“நான் பிழை விட்டிட்டன், என்ன?”

“தெரியாது.”

“சரிவு விழேல்லையே.”

“அவை போகேக்குள்ளை விழேல்லை.”

“நாங்கள் போயிருந்தாலும் விழுந்திருக்காது.”

“தெரியாது அக்கா,” என்றாள் நிரோஷி. “இனி ஒருக்காலும் தெரியவராது.”

தவமலர் அதைக் கொஞ்ச நேரம் மென்றாள். ருசிக்கவில்லை. ஒன்று தன் பக்கம் விழுந்திருக்கலாம், அல்லது மற்றப் பக்கமாவது விழுந்திருக்கலாம். இப்படி நடுவில் தொங்கவிட்டால் மனுஷி எப்படி நித்திரை கொள்வது?

“உண்மையைச் சொல்லுங்கோ,” என்றாள். “உங்களுக்கு எல்லாம் முதலே தெரியும்தானே? நான் மறிக்கிறனோ இல்லையோ எண்டு பாக்கத்தானே அங்கை கொண்டு போனீங்கள்? கதையளிலை வாற குருமார் அப்பிடித்தானே செய்யிறவை.”

நிரோஷி தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை அக்கா.”

“பின்னை?”

“நல்ல வெய்யில். எனக்கு உச்சிக்குப் போகோணும் போலை இருந்தது. உங்களைக் கொண்டுபோய் அதிலை நிப்பாட்டோணும் போலையும் இருந்தது.” ஒருமுறை மூச்சை இழுத்தாள். “நீங்கள் சொன்ன உடனையே நான் திரும்பியிருக்கோணும். நீங்கள் குந்தியிருக்காட்டி, நான் போயிருப்பன்.”

தவமலர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம். கண்ணாடி மறைத்த இடத்தில் மட்டும் வெளுத்த இரண்டு வட்டம். எவ்வளவு சின்னப் பெண் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“பின்னேரம் சொல்லுறன் எண்டு சொன்னனான்,” என்று தொடங்கினாள் நிரோஷி. “உங்களைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டு போறதோ எண்டு…”

“விடு பிள்ளை.”

தவமலர் தன் ஸ்கீயைத் தானே தூக்கிக் காருக்குள் வைத்தாள். கதவைத் தானே சாத்தினாள்.

“வாற சனி நான் வருவன்,” என்றாள். “கேக்கேல்லை. சொல்லுறன்.”